பழைய கார் வாங்கும் முன் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்தாயிற்று. செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நம் குடியிருப்பில் மூன்று குடும்பங்கள் பழைய கார் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். நான் ஏமாந்த கதையைச் சொன்னால் அவர்களுக்கு உதவும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை கரைபுரண்டது. ஊத்தங்கரையில் நின்றிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதை எல்லாரும் வீடியோவில் பார்த்தோம். அப்படி முங்கிய கார்கள் பிறகு என்ன ஆகின்றன என்று நாம் யோசிப்பதில்லை. சில கார்கள் கழுவி, பாலிஷ் போட்டு, மறுபடி விற்பனைக்கு வந்துவிடுகின்றன.

ஐந்து மாதம் கழித்து நான் வாங்கிய கார் பளபளவென்று இருந்தது. ஒருநாள் பேரப்பிள்ளைகளோடு வெள்ளிமலையிலிருந்து இறங்குகிறோம். இருட்டிவிட்டது. ஒரு வளைவில் முன்விளக்கு இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்தன. ஒரு பக்கம் பள்ளம். எப்படி நிறுத்தினேன் என்று இன்றும் தெரியவில்லை. மறுநாள் மெக்கானிக் தரைவிரிப்பைத் தூக்கினார். அடியில் மாவு போல வண்டல். ஃபியூஸ் பெட்டியில் களிம்பு ஏறியிருந்தது.

அதனால் முதலில் வண்டி தண்ணீரில் முங்கியதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரியும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பாருங்கள். சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, முன்விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம் படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் சந்தேகப்படுங்கள். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கலாம்.

போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. துருகம் சாலையில் ஒரு சுற்று போதாது. கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறுங்கள். எஞ்சின் சத்தம் கூடியும் வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. வெப்பமானி முள் ஏறுகிறதா பாருங்கள். இறங்கும்போது பிரேக் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. மலைக்கு எடுத்துப் போக வேண்டாம் என்று விற்பவர் தடுத்தால், அந்த வண்டியே வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் பழைய டயர் மலைக்கு ஆகாது.

கடைசியாகக் காகிதம். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள். தொடர்ந்து ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாத வண்டிக்கு 50 சதவீதம் வரை நோ கிளெய்ம் போனஸ் இருக்கும். அது பூஜ்ஜியமாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். வங்கிக் கடன் இருந்திருந்தால் படிவம் 35-உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

இது விற்பவர்களுக்கும் சொல்வதுதான். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

மெக்கானிக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் நான் பேரப்பிள்ளைகளோடு அந்த இருட்டில் நின்றேன். யாராவது வண்டி பார்க்கப் போனால் சொல்லுங்கள். ஞாயிறு காலை நான் சும்மாதான் இருக்கிறேன். டார்ச் எடுத்துக்கொண்டு கூட வருகிறேன்.