நெருப்பின் வரவு செலவு

 

கார்த்திகை விளக்கீட்டன்று, 2,668 அடி உயர அண்ணாமலை உச்சியில் ஏற்றப்பெறும் நெய்விளக்கைத் திருவண்ணாமலை மக்கள் ஆண்டுதோறும் கண்டு மகிழ்கின்றனர். அவ்வொளியும் வெப்பமும் எங்கிருந்து பிறக்கின்றன? நெய்யின் பிணைப்புகள் அறுவதால் ஆற்றல் வெளிப்படுகிறது என்று பலர் விடையிறுப்பர். அது பிழை.

கயிற்றை அறுக்க வலிமை வேண்டுமன்றோ? அணுக்களின் பிணைப்பும் அத்தகையதே. அதனை அறுக்க ஆற்றலைச் செலவிடல் வேண்டும். பிணைப்பு உண்டாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும். அறுத்தல் செலவு, இணைத்தல் வரவு. வரவு மிகின் வெப்பம் உமிழ்வினை. செலவு மிகின் வெப்பம் கொள்வினை. இடைப்படிகள் எவையாயினும், தொடக்கமும் முடிவும் ஒன்றாயின் மொத்த வெப்பமும் ஒன்றே என்று 1840-இல் எசு என்னும் வேதியியலறிஞர் நிறுவியதே இக்கணக்கிற்கு அடிப்படை.

ஐதரசன் எனப் பாடநூல்கள் வழங்கும் நீரகமும், ஆக்சிசன் எனப்பெறும் உயிரகமும் கூடி நீராவியாகின்றன. இரண்டு மோல் நீரகத்தின் பிணைப்புகளை அறுக்க 872 கிலோசூல். ஒரு மோல் உயிரகத்திற்கு 498. ஆகச் செலவு 1,370. புதிதாய் உண்டாகும் பிணைப்புகள் நான்கு மோல். மோல் ஒன்றுக்கு 463 வீதம் வரவு 1,852. எஞ்சிய 482 கிலோசூல் வெப்பமாய் வெளிப்படுகிறது.

மறுதலையும் உண்டு. காற்றில் முக்காற் பங்கினும் மிக்கிருக்கும் நைட்ரசன், உயிரகத்தோடு எளிதிற் கூடுவதில்லை. அதன் மும்மைப் பிணைப்பை அறுக்க 945 கிலோசூல் வேண்டும். உயிரகத்தின் 498-ஐயும் கூட்டினால் செலவு 1,443. பிறக்கும் இரண்டு மோல் நைட்ரிக் ஆக்சைடு தரும் வரவோ 1,262 மட்டுமே. குறைகின்ற 181 கிலோசூலை வெளியிலிருந்தே பெறல் வேண்டும். ஆதலின் மின்னலின் கடுவெப்பத்திலும், உந்துப்பொறிகளின் உள்ளேயும் அவ்வினை நிகழ்கிறது. அது வெப்பம் உமிழ்வதாயிருப்பின், விளக்கிலிட்ட தீ நெய்யோடு நில்லாது காற்றையும் பற்றக்கூடும்!

நெய்விளக்கிற்கு வருவோம். முதற் பிணைப்புகளை அறுக்கத் தீப்பொறி வேண்டும். பின்னர்க் கரியகமும் நீரகமும் உயிரகத்தோடு வலிய பிணைப்புகளால் இணைகின்றன. அவ்வரவிலிருந்தே அடுத்த மூலக்கூறுகளின் செலவு ஈடாகிறது. எஞ்சியதே ஒளியும் வெப்பமும்.

ஒன்றை மறத்தலாகாது. அட்டவணைகளிற் காணும் பிணைப்பாற்றல்களுட் பல, வெவ்வேறு சேர்மங்களிற் கண்டு நிரவிய அளவுகள், வளிநிலைக்கே பொருந்துவன.

உமிழ்தல், கொள்ளுதல் என்னும் சொற்களிலேயே வினையின் தன்மை விளங்கக் காண்க. சொல் விளங்கிய மாணவன் உருப்போட வேண்டுவதில்லை. அறுந்த பிணைப்புகளையும் இணைந்த பிணைப்புகளையும் எழுதிக் கழித்து, விடையைத் தானே காண்பான்.