வண்டியின் விலையும் ஓட்டத்தின் விலையும்

மோட்டார் வண்டி வாங்க எண்ணுபவர், விலை என்ன, ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்னும் இரண்டு வினாக்களோடு பெரும்பாலும் அமைந்துவிடுவார். மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. வழியில் நின்றுவிட்டால் அதனை யார், எங்கே, எத்தனை நாளில் ஓடச்செய்வார் என்பதே அது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு இதுவே முதல் வினா. வண்டி கராச்சில் நிற்கும் நாளில் திருத்தக் கூலி கையை விட்டுப் போவது மட்டுமன்று, அன்றைய வருமானமும் இல்லையாகிறது.

இவ்வினாவுக்கு யாழ்ப்பாணம் கடுமையான முறையில் விடை காண நேர்ந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அங்கிருந்த ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது சாரதிகளின் வழக்கமாயிற்று. அவ்வியந்திரங்கள் எரிபொருட் கலவையை அதிகம் அழுத்துபவை அல்ல. ஆதலால் தரங்குறைந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. புதிய இயந்திரம் ஒன்று இத்தகைய உபசாரத்தை ஏற்றிராது. எனினும் அதற்கும் ஒரு விலை இருந்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாகக் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச்செய்தது. ஒயிலைக் காலத்தோடு மாற்றாதவரின் இயந்திரம் விரைவில் தேய்ந்தது. புகையைப்பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகையில் உற்பத்தியாயிற்று. அதன் உதிரிப்பாகங்களை இலங்கையிற் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியதும் உண்டு. ஆயினும் அது குறையற்ற வண்டி என எண்ணுதல் தவறு. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் இடாவிடின், அதன் புரி தேய்ந்து, ஒருநாள் சக்கரமே மடிந்துவிடும். பழைய கார் உழைக்கும் என்று புகழ்பவர் கிறீஸ் பிடித்த கையையும் சேர்த்துப் புகழ்தல் வேண்டும்.

இனி எரிபொருட் கணக்கு. 2022 ஜூன் மாத இறுதியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அதன் விலை 177 ரூபாய். மாதம் 500 கிலோமீற்றர் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் பழைய காருக்கு 470 ரூபாய் விலையில் மாதம் ஏறத்தாழ 19,600 ரூபாய் ஆகும். 20 கிலோமீற்றர் ஓடும் ஹைபிரிட் காருக்கு 11,750 ரூபாய் போதும். ஆண்டுக்கு வித்தியாசம் ஏறத்தாழ 94,000 ரூபாய். பங்கீட்டு முறையில் காருக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்த நாட்களில், அந்த வித்தியாசம் பணத்தைவிடப் பெரிதாகவும் இருந்தது.

ஆனால் ஹைபிரிட் காரின் பெரிய பற்றரி பழுதுற்றால் புதிது மாற்ற இலட்சக்கணக்கில் செலவாகும். சில ஆண்டுகள் மிச்சம்பிடித்தது ஒரே நாளிற் போய்விடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடையிற் கார் வாங்கியவர்கள் நாட்டில் ஏற்கெனவே ஓடிய வண்டிகளையே ஏறிய விலைக்கு வாங்கினர். அவற்றோடு முதுமையடைந்த பற்றரிகளையும் வாங்கினர். ஆகவே, பழைய ஹைபிரிட் காரை வாங்குமுன் வெளித் தீந்தையைத் தடவிப் பார்ப்பதிலும் பற்றரியைச் சோதிப்பித்தல் நன்று. பல ஹைபிரிட் கார்களில் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று, பின்னாசனத்தின் அருகேயுள்ள துவாரத்தினூடாக உட்செல்கிறது. பயணியின் பையோ படிந்த தூசியோ அதனை அடைத்தால் பற்றரி சூடேறி அதன் ஆயுள் குறையும். அத்துவாரத்தைத் துடைக்கச் சில நிமிடங்களே செல்லும். அதற்குக் கூலியும் இல்லை.