வெளியே அனுப்பப்படும் பிள்ளைகள்

(ஆதரவாளர்கள் கூடிவந்தபோது பேசிய உரையின் எழுத்து வடிவம்)



ஆஸ்பத்திரியைத் தாங்கிவரும் உங்களிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று ஆச்சரியப்பட வேண்டாம். வகுப்பில் அடங்காத பிள்ளை, மேசையை உதைத்து உடைக்கிற பிள்ளை, ஆசிரியர்மேல் கை ஓங்கின பிள்ளை: இவர்களை என்ன செய்வது என்பது பாதி பள்ளிக்கூடத்தின் கேள்வி, பாதி வைத்தியத்தின் கேள்வி. பெரும்பாலான இடங்களில் இதற்கு ஒரே பதில்தான். பெற்றோரை வரவழைத்து, டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வேறொரு வழியை முயன்று பார்த்தார்கள். அதில் கிடைத்த பலனையும் கிடைக்காமற்போனதையும் இரண்டையும் உங்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

டெட் வாக்டெல், சூசன் வாக்டெல் என்னும் ஆசிரியத் தம்பதியர் 1977-ல் இதைத் தொடங்கினார்கள். பிலடெல்பியாவுக்கு வடக்கே பக்ஸ், மான்ட்கோமரி என்ற இரண்டு மாவட்டங்கள். அவற்றின் பெயர்களைச் சேர்த்து அந்தப் பள்ளிகளுக்குப் பக்ஸ்மான்ட் என்று பெயர் வந்தது. மற்றப் பள்ளிகள் கைவிட்ட பிள்ளைகளும் கோர்ட்டிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளும் அங்கே வந்தார்கள். பாடமும் மன ஆலோசனையும் ஒரே கூரையின் கீழ் நடந்தது. வட்டமாக உட்கார்ந்து பேசுவது அங்கே அன்றாட வழக்கம். ஒருவன் தப்பு செய்தால் தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பி முடித்துவிடமாட்டார்கள். தன் செய்கைக்கு அவன் அந்த வட்டத்தில் பதில் சொல்லவேண்டும்.

பிள்ளைகளிடம் பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதம் நான்கு என்று வாக்டெல் விளக்கினார். பிள்ளைமேல் நாம் ஒன்றைச் செய்வது, பிள்ளைக்காக நாமே எல்லாம் செய்துவிடுவது, ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடுவது, பிள்ளையோடு சேர்ந்து செய்வது. முதலாவது கண்டிப்பானவர்களின் வழி. இரக்கமுள்ளவர்கள் விழுகிற குழி இரண்டாவது. நாங்களும் வார்டில் அதில் பலமுறை விழுந்திருக்கிறோம். நான்காவதுதான் கடினம்.

இந்த வழியை ஆங்கிலத்தில் ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ் என்கிறார்கள். மறுசீரமைப்பு நீதி என்று தமிழில் எழுதுகிறார்கள். எங்களுக்கு ஒப்புரவு என்ற பழைய சொல்லே இதற்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இதன் வேர்களில் ஒன்று கனடாவில் இருக்கிறது. 1974-ல் ஒன்டாரியோ மாகாணத்தின் எல்மைரா என்ற சிற்றூரில், இரண்டு வாலிபர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களில் நாசம் பண்ணினார்கள். ஜன்னல்களை உடைத்தார்கள், கார் டயர்களைக் கிழித்தார்கள். மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அலுவலர், மெனனைட் சபையைச் சேர்ந்தவர், இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் போய்ச் சந்தித்தால் என்ன என்று நீதிபதியிடம் கேட்டார். அப்படி ஒரு வழக்கமே அதுவரை அங்கே இல்லை. ஆனாலும் நீதிபதி உத்தரவிட்டார். வாலிபர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, நாங்கள்தான் செய்தோம் என்று சொல்லி, நஷ்டம் எவ்வளவு என்று கேட்டார்கள். சில மாதங்களில் பணத்தைக் கட்டியும் முடித்தார்கள். பல வருஷங்கள் கழித்து அவர்களில் ஒருவர் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, ஒப்புரவு வேலையைப் பற்றிப் பேச வந்தவர் எல்மைரா வழக்கை உதாரணம் காட்டினாராம். அது தம்முடைய வழக்கு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பிற்பாடு அவரும் அந்த வேலைக்குத் தொண்டராக வந்தார்.

ஆஸ்திரேலியாவில் வாகா வாகா என்ற ஊரில் டெர்ரி ஓகானல் என்னும் போலீஸ்காரர் 1991-ல் இப்படிப்பட்ட சந்திப்புகளை நடத்தத் தொடங்கினார். 1994-ல் பென்சில்வேனியாவுக்கு அவர் வந்து பேசியதை வாக்டெல் கேட்டார். தங்கள் பள்ளிகளில் பல வருஷமாகச் செய்துவந்ததற்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

சந்திப்பு எப்படி நடக்கிறது? ஒரு மாணவன் இன்னொருவனை அடித்து மூக்கை உடைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். நடத்துகிறவர் முதலில் இரு தரப்பையும் தனித்தனியே பார்க்கிறார். அடித்தவன் தான் செய்ததை ஒத்துக்கொண்டால்தான் சந்திப்பு உண்டு. அடிபட்டவன் வருவது அவன் இஷ்டம். நாற்காலிகள் வட்டமாகப் போடப்படும், நடுவில் மேசை கிடையாது. அடித்தவன், அவன் தாய், அடிபட்டவன், அவன் தகப்பன், வகுப்பாசிரியர். அடித்தவனிடம் முதலில் கேட்பார்கள். என்ன நடந்தது? அப்போது உன் மனதில் என்ன ஓடியது? இதனால் யாரெல்லாம் கஷ்டப்பட்டார்கள் என்று நினைக்கிறாய்? "ஏன் செய்தாய்?" என்று கேட்பதில்லை. ஏன் என்று கேட்டால் பிள்ளைக்குப் பதில் தெரியாது, அல்லது நமக்குப் பிடித்த ஒரு பதிலைச் சொல்லிவிடுவான். பிறகு அடிபட்டவன் பேசுகிறான். இரவில் தூக்கம் வரவில்லை, அந்த வராந்தாப் பக்கம் போகவே பயமாயிருக்கிறது என்கிறான். பிறகு அவன் தகப்பன். அதன் பிறகு அடித்தவனின் தாய் பேசும்போதுதான் அநேகமாகப் பையனின் தலை குனிகிறது. கடைசியில், இதைச் சரிசெய்ய என்ன வேண்டும் என்று அடிபட்டவனையே கேட்டு, எல்லோரும் ஒத்துக்கொண்டதை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதை எழுதி முடிக்கிறவரைக்கும் எல்லோருக்கும் காப்பியும் பலகாரமும் உண்டு. இது உபசாரத்துக்காக வைத்தது அல்ல. வட்டத்தில் பேச முடியாத பேச்சு அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நடக்கிறது என்பது இதைச் செய்கிறவர்களின் அனுபவம்.

நம் ஊர்ப் பஞ்சாயத்தும் இதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. பஞ்சாயத்தில் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள், எளியவன் தலையாட்டுவான். இங்கே நடத்துகிறவர் தீர்ப்புச் சொல்லவே கூடாது.

வைத்தியத்துக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், வெட்கம். பிலடெல்பியாவில் மனநல மருத்துவராக இருந்த டொனால்டு நேதன்சன், வெட்கம் தாங்காத மனிதன் நான்கு திசையில் ஓடுவான் என்று 1992-ல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். ஒதுங்கிப்போவான், தன்னையே வெறுப்பான், ஒன்றும் நடவாததுபோல் நடிப்பான், அல்லது எதிரே நிற்பவன்மேல் பாய்வான். வகுப்பின் முன் நிறுத்தித் திட்டும்போது பல்லைக் காட்டுகிற பையனை நினைத்துப் பாருங்கள். திமிர் என்று ஆசிரியர் இன்னும் நாலு வார்த்தை கூட்டிச் சொல்கிறார். பையன் இன்னும் தூரம் ஓடுகிறான். வட்டத்திலும் வெட்கம் உண்டு, சில வேளை அதிகமாகவே உண்டு. ஆனால் அங்கே அவனைச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், வெட்கத்திலிருந்து வெளியே வர ஒரு வேலையும் கையில் கொடுக்கப்படுகிறது.

இது தண்டனையிலிருந்து தப்பிக்கிற வழி என்று சிலர் நினைக்கிறார்கள். அதே பென்சில்வேனியாவின் லூசர்ன் மாவட்டத்தில் கண்டிப்பு என்ற பெயரில் நடந்ததையும் பார்க்கவேண்டும். 2003 முதல் 2008 வரை, அற்பக் குற்றங்களுக்கெல்லாம் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் காவல் இல்லத்துக்கு அனுப்பினார்கள். உதவித் தலைமை ஆசிரியரைக் கேலிசெய்து இணையத்தில் எழுதின பெண்ணும் அவர்களில் ஒருத்தி. தனியார் காவல் இல்லத்தோடு தொடர்புடையவர்களிடமிருந்து இரண்டு நீதிபதிகள் 25 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியிருந்தது பிறகு வெளியே வந்தது. 2009-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை ரத்து செய்தது. ஊர் ஜனங்கள் அத்தனை வருஷமும் அந்தக் கண்டிப்பைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எங்களை அதிகமாக வருத்துகிறது.

இனி தோல்வியைச் சொல்லுகிறோம். இந்த முறையைச் சாதாரணப் பள்ளிகளுக்கும் கொண்டுபோக வேண்டுமென்று வாக்டெல் தொடங்கின நிறுவனம் பயிற்சி கொடுத்தது. பிட்ஸ்பர்க் நகரின் 44 அரசுப் பள்ளிகளில் 22 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, 2015 முதல் 2017 வரை இரண்டு பள்ளி ஆண்டுகள் சோதித்தார்கள். ராண்ட் ஆராய்ச்சி நிறுவனம் 2018-ல் முடிவை வெளியிட்டது. இடைநீக்கத்தால் பிள்ளைகள் இழந்த நாட்கள் பயிற்சி பெற்ற பள்ளிகளில் 36 சதவீதம் குறைந்தன, மற்றப் பள்ளிகளில் 18 சதவீதம் குறைந்தன. கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையருக்கும் இடையிலிருந்த வித்தியாசமும் குறைந்தது. பள்ளியின் சூழ்நிலை நன்றாயிற்று என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். மாணவர்கள் அப்படிச் சொல்லவில்லை. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் படிப்பு பின்தங்கிப்போனது.

நல்ல காரியம் என்று நம்பிச் செய்ததில் இப்படி ஒரு முடிவு வந்தால் அதை மூடி மறைக்கத் தோன்றும். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நாங்கள் அதைச் செய்யக்கூடாது. எங்களுக்குத் தோன்றுவது இது. பக்ஸ்மான்ட்டில் இதற்காகவே ஆட்கள் இருந்தார்கள், நாள் முழுவதும் இதுவே வேலை. பெரிய பள்ளியில் அதே பாரத்தை, ஏற்கெனவே களைத்துப்போன கணக்கு வாத்தியாரின் தோளில் ஏற்றுகிறோம். அவர் வட்டத்தை நடத்துவாரா, பாடத்தை நடத்துவாரா? டாக்டர் எழுதின மருந்தின் அளவைப் பாதியாக்கிக் கொடுத்துவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்று சொல்வது சரியாகாது. அதற்காக, மருந்தே சரிதான் என்று சாதிக்கவும் எங்களுக்கு உரிமை இல்லை.

போன தடவை இதைப் பேசினபோது ஒரு தாயார் எழுந்து, "அடிபட்ட என் பிள்ளை அந்த வட்டத்துக்கு வரமாட்டேன் என்றால்?" என்று கேட்டார். வரவேண்டியதில்லை. அவனுக்குப் பதிலாக வீட்டில் ஒருவர் வரலாம், அவன் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் அதை வாசிக்கலாம், ஒன்றும் வேண்டாம் என்றாலும் அவனை ஒருவரும் குறைசொல்லக் கூடாது. அடித்தவன் திருந்துவதற்காக அடிபட்டவனை இரண்டாம் முறை கஷ்டப்படுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்தத் தாயார் இதைக் கேட்டபிறகுதான் உட்கார்ந்தார்.