துருவுக்குத் தெரியுமா, அது அப்பா கார் என்று?

(தலைப்பு: புதுப்பித்து வைத்துக்கொள்ள ஏற்ற பழைய கார் அம்பாசிடரா, பியட்டா? பியட் அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் அம்பாசிடரை எப்படிப் புகழ்ந்தார்! ராஜா வண்டி என்றார். மந்திரி போன வண்டி என்றார். நான் மறுக்கவில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டுதான் கல்கத்தா பக்கத்திலே உத்தரபாராவுக்கு வந்து அம்பாசிடர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2014 வரைக்கும் அங்கே செய்தார்கள். அந்தப் பெருமை இருக்கட்டும். ஆனால் இன்றைய கேள்வி எந்த வண்டி பெரிய வண்டி என்பதல்ல. வீட்டிலே இரண்டு பழைய கார் நிற்கிறது. கையிலே காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது. எதைக் காப்பாற்றுவது? அதுதான் கேள்வி.

இது எனக்குப் பட்டிமன்றத் தலைப்பு இல்லைங்க. எங்க வீட்டுத் தகராறு! (சிரிப்பு)

எங்கள் வீட்டு வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் என் அப்பாவின் 1966 அம்பாசிடர். அந்தப் பக்கம் என் மாமனாரின் 1971 பியட். என் மனைவி ஒரே பெண். மாமனார் காலமானதும் வண்டி எங்களிடம் வந்துவிட்டது. அம்பாசிடரைக் கொடுக்கலாம் என்றால் அம்மா சாப்பிட மாட்டார்கள். பியட்டைக் கொடுக்கலாம் என்றால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது! (பலத்த சிரிப்பு) ஊர் ஊராகப் போய் வாதாடுகிற மனுஷன், சொந்த வீட்டிலே ஏழு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஏழு வருஷமும் ஒருத்தன் மட்டும் லீவே போடாமல் வேலை பார்த்தான் நடுவர் அவர்களே. அவன் பெயர் துரு! (கைதட்டல்)

வலியறிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரம் வைத்தார். ஒரு காரியத்தில் இறங்குமுன் நான்கு பலத்தை எடை போடு என்றார். செய்யப்போகும் வேலையின் பலம், உன் பலம், எதிரியின் பலம், உனக்குத் துணை வருகிறவர்களின் பலம். முப்பது வருஷமாக நான் வகுப்பிலே நடத்துகிற பாடம் இது. அதை எனக்கே நடத்தியவர் ஒரு டிங்கர்.

வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். பெயிண்டில் கீறல் விழாமல் துணியைச் சுற்றினார். பியட்டின் உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தார். வைத்த இடத்திலெல்லாம் பிடித்துக்கொண்டது. அம்பாசிடருக்குப் போனார். கதவுக்குக் கீழே வைத்தார், விழுந்தது. சக்கரத்துக்கு மேலே வைத்தார், விழுந்தது. "சார், இங்க தகடே இல்ல. எல்லாம் பட்டி" என்றார். தகட்டை மாற்றாமல் யாரோ எப்போதோ பட்டியை அப்பிப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே மிதியடியைத் தூக்கினோம். உட்கார்ந்த இடத்திலிருந்தே வேப்பிலைச் சருகு தெரிந்தது! (சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாரிக்குத் தனியாகச் சேஸிஸ் உண்டு. இந்த இரண்டு காருக்கும் கிடையாது. உடம்பேதான் எலும்பு. தளத் தகடு போனால் அழகு மட்டும் போகவில்லை, முதுகெலும்பே போச்சு. எஞ்சின் கெட்டால் இறக்கிச் சரிபண்ணலாம், செலவுக்கு ஒரு கணக்கு உண்டு. தகட்டு வேலைக்கு ஏது கணக்கு? ஓரிடத்தை வெட்டினால் அடுத்த இடமும் கையோடு வரும். எதிரியின் பலம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. அதிலும் வண்டி அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாதி உடம்பைப் புதிதாகச் செய்துவிட்டு, இது அப்பா கார் என்று எப்படிச் சொல்வது?

எதிரணியினர் கேட்பார்கள், "துணை பலம் என்னாச்சு? பியட்டுக்கு உதிரி சாமான் எங்கே கிடைக்கும்?" நியாயமான கேள்விதான். பம்பாய் குர்லாவில் செய்த பியட், பிறகு பத்மினி ஆகி, 2000 வாக்கில் நின்றுபோனது. மும்பையில் அது டாக்சியாக ஓடியதும் 2023 அக்டோபரோடு முடிந்தது. அம்பாசிடருக்குச் சாமான் சுலபம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்மினி பியட்டின் சொந்தத் தங்கச்சி. அவள் சாமான் பல இவளுக்கும் பொருந்தும். சாமான் இல்லையென்றால் தேடி அலையலாம் ஐயா. தகடே இல்லாவிட்டால் அந்தச் சாமானை எங்கே மாட்டுவது? (கைதட்டல்)

சரி, முடிவு தெரிந்துவிட்டது. அம்மாவிடம் யார் சொல்வது? பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். அம்மா எழுந்து வந்தார்கள். அம்பாசிடரின் முன் சீட்டில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கேட்டார்கள், "உங்கப்பா வாரா வாரம் இதத் துடைப்பாருடா. ஏழு வருஷத்துல நீ ஒரு நாளாவது துடைச்சியா?"

நடுவர் அவர்களே, வாங்கிய முனைவர் பட்டம், ஏறிய மேடை எதுவும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை.

"ஓட்டுறவன்கிட்ட குடுத்துடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவரிடம் நல்ல உடம்போடு ஓர் அம்பாசிடர் நின்றது, எஞ்சின் சரியில்லாமல். அப்பா வண்டியை அவரிடம் கொடுத்தேன். பியட் வேலை முடியப் பதினாலு மாதம் ஆனது. ஒருநாள் சாயங்காலம் அம்மா திண்ணையில் இருக்கிறார்கள். தெருமுனையில் ஒரு சத்தம். பார்வை மங்கிய கண், ஆனால் காது கூர்மை. "டேய், உங்கப்பா வர்றாருடா" என்றார்கள். அந்த மெக்கானிக்தான் அப்பாவின் எஞ்சினை மாட்டி ஓட்டிக் காட்ட வந்திருந்தார்.

இரண்டையும் வைத்திருந்தபோது என் வீட்டில் இரண்டும் செத்துக்கொண்டிருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டேன். இன்று இரண்டும் ஓடுகின்றன. எது நம்முடையது என்று பார்க்காமல், எதை நம்மால் பிழைக்க வைக்க முடியும் என்று பாருங்கள். என் வீட்டில் அது பியட். அதனால் பியட் அணிக்கே தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டு விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)