சிறிய பள்ளியில் ஒரு பெயரும் விடுபடக் கூடாது

(சங்கத்தின் கல்விக் குழு நடத்திய பெற்றோர் சந்திப்பில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)





முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்க இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய வந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். அவர்கள் கேட்கும் கேள்வியையே எனக்குத் தலைப்பாகவும் கொடுத்துவிட்டார். "பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் மொத்தமே 60 பிள்ளைகள்தாம் படிக்கிறார்கள். அங்கே சேர்க்கலாமா? சேர்த்தால் பிள்ளை பத்திரமாக இருக்குமா?" பலரும் இதை இரண்டு கேள்விகளாக நினைக்கிறார்கள். எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் நாட்டில் 150 மாணவருக்குக் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பங்கு இந்த வகைதான். 1957இல் 880க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகிவிட்டன. ரப்பர்த் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன. மிஞ்சியவை செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன, பள்ளிக்கூடம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. பாடம் சரியில்லாமல் பிள்ளைகள் குறையவில்லை. குடியிருப்பு நகர்ந்ததால் குறைந்தார்கள்.

எண்ணிக்கை குறைந்தால் என்ன நடக்கும்? அரசாங்க மானியத்தின் ஒரு பகுதி தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. வகுப்புக்கு ஏற்பத்தான் ஆசிரியர்கள் கிடைக்கிறார்கள். 60 பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஆசிரியர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். தலைமையாசிரியர் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போய், ஒருவர் பயிற்சிக்குப் போய், இன்னொருவர் மருத்துவ விடுப்பு எடுத்தால், ஓய்வு நேரத்தில் திடலைப் பார்ப்பது யார்? வாசலில் நிற்பது யார்? பயந்து நாலு குடும்பம் வேறு பள்ளிக்குப் போனால் எண்ணிக்கை இன்னும் குறையும், பார்த்துக்கொள்ளும் கண்களும் குறையும். மாணவர் சேர்க்கையும் பாதுகாப்பும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சிறிய பள்ளிக்கு ஒரு பெரிய பலம் உண்டு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். 35 பேர் உட்காரும் வகுப்பில் ஒரு பிள்ளை வாடி உட்கார்ந்தால் ஆசிரியர் கண்ணில் படாமல் போகலாம். எட்டுப் பேர் வகுப்பில் அப்படி நடக்காது. ஆனால் ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. எல்லாரையும் தெரியும் என்பதால் எதையும் எழுதி வைக்க மாட்டோம்.

நான் பணியாற்றிய காலத்தில் கண்டது ஒன்று. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனை அவனுடைய மாமா வந்து அழைத்துப் போனார். வாசலில் நின்ற ஆசிரியைக்கு அவரைத் தெரியும், சிரித்துப் பேசி அனுப்பி வைத்தார். பத்து நிமிடம் கழித்து உம்மா வந்தார், பையன் இல்லை. ஆசிரியை அதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பள்ளிக்குப் பின்னால் பெரிய மழைநீர்க் கால்வாய். அரை மணி நேரத்துக்கு மேல் எல்லாரும் அதன் கரையில் ஓடிக்கொண்டிருந்தோம். பையன் மாமாவோடு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அல்ஹம்துலில்லாஹ், நல்லபடி முடிந்தது. மறுநாளே வாசலில் ஒரு நோட்டு வைத்தோம். வழக்கமாக வராதவர் யார் வந்தாலும் முதலில் வீட்டுக்கு ஒரு போன், பிறகு நோட்டில் பெயர், நேரம், கையெழுத்து. சொந்தத் தாத்தாவாக இருந்தாலும் இதுதான். சிலருக்குக் கோபம் வந்தது. ஒரு மாதத்தில் பழகிப் போனது.

தீ விஷயத்தில் இரண்டு நிகழ்வுகளை நம் சமூகம் மறக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகளைப் பறித்தது. நம்மில் பலருக்கு அது சொந்தபந்தம் உள்ள வட்டாரம். 2017 செப்டம்பர் 14 விடியற்காலை கோலாலம்பூர் டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு தஹ்ஃபிஸ் பள்ளி விடுதி எரிந்து 23 உயிர்கள் போயின. ஜன்னல்களில் கம்பி இருந்தது, வெளியே வரும் வழியைத் தீ அடைத்துக்கொண்டது. இரண்டும் நாம் பேசும் வகைப் பள்ளி அல்ல. ஆனால் பாடம் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான்: வெளியேற இரண்டாவது வழி இருக்க வேண்டும், அது திறக்கவும் வேண்டும்.

சிறிய பள்ளிகளில் பின்கதவைப் பூட்டி வைப்பது திருட்டுப் பயத்தால். கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் சாவி தலைமையாசிரியர் மேசைக்குள் இருந்து, அவர் கூட்டத்துக்குப் போயிருந்தால், அந்தக் கதவு அன்று வெறும் சுவர். பூட்டுவது பள்ளி முடிந்த பிறகு இருக்கட்டும். பிள்ளைகள் உள்ளே இருக்கும்வரை பூட்டு தொங்கக் கூடாது. ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர் பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். முதலாமவர் இல்லாத நாளில்தான் இரண்டாமவர் தேவைப்படுவார்.

தீப்பயிற்சியை வெறும் மணியடித்து ஓடும் விளையாட்டாக நடத்தினால் பயனில்லை. திடலில் வரிசையில் நின்றதும் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவதுதான் அதன் முக்கியமான பகுதி. நம் பிள்ளைகள் விஷயத்தில் இங்கே ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. பதிவேட்டில் முகமது என்று தொடங்கும் பெயர்கள் மூன்று இருக்கும். வீட்டில் ஒருவன் ராஜா, ஒருவன் தம்பி, ஒருவன் சின்னாப்பு. அவசரத்தில் "முகமது!" என்றால் மூன்று கை உயரும், அல்லது ஒன்றுமே உயராது. சேர்க்கும்போதே கூப்பிடும் பெயரையும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஒவ்வாமை, இழுப்பு நோய், தினசரி மருந்து, மாறிப்போன போன் எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். முதலாம் ஆண்டில் கொடுத்த போன் எண் ஆறாம் ஆண்டுவரை அப்படியே கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனிப் பள்ளியைத் தாண்டி ஒரு விஷயம். நம் பிள்ளைகளில் பலர் காலையில் பள்ளிக்கும் பிற்பகலில் மதரஸாவுக்கும் போகிறார்கள். ஒரு மணிக்குப் பள்ளி விடுகிறது, இரண்டரைக்கோ மூன்றுக்கோ ஓதுதல் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் நேரம் யாருடையது? பிள்ளை வராவிட்டால், "இன்று பள்ளிக்கே போகவில்லை போலும்" என்று உஸ்தாது நினைப்பார். பள்ளியில் அவன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைப்பார்கள். அவன் மதரஸாவில் இருக்கிறான் என்று வீட்டில் நினைப்பார்கள். மூன்று இடத்திலும் நல்லவர்கள்தான் இருக்கிறார்கள். ஆனாலும் ஒன்றரை மணி நேரம் அந்தப் பிள்ளை எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்த இடைவெளியைப் பள்ளியால் அடைக்க முடியாது. சங்கத்தால் முடியும். மதரஸா தொடங்கி பதினைந்து நிமிடத்துக்குள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு போன் போக வேண்டும். வர முடியாத பிள்ளையின் பெற்றோர் முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்ப வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். போன் எண்கள் எழுதிய ஒரு தாளும் பொறுப்பேற்க இரண்டு பேரும் போதும். மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போகும் அத்தாமார்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் தலையில் இருக்கும் தலைக்கவசம் பின்னால் உட்காரும் பிள்ளை தலையிலும் இருக்க வேண்டும். அதுவும் அந்தப் பிள்ளை தலைக்குப் பொருந்தும் அளவில்.

கடைசியாகப் பதிவு. தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். முதலாம் ஆண்டுப் பதிவு கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பள்ளி திறப்பதற்கு வெகு முன்பே நடக்கிறது. பிறப்புப் பத்திரம், மைகிட் அட்டை, முகவரிச் சான்று எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். "தமிழ்ப்பள்ளியில் மார்க்கக் கல்வி கிடைக்காதே" என்று தயங்குகிறவர்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பள்ளியில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட முஸ்லிம் மாணவர்கள் இருந்தால் அவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி வழங்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டம் சொல்கிறது. தேசியப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கும் அதில் இடம் உண்டு. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ் மொழி வகுப்புக்கு வசதி செய்ய வேண்டும். ஆக, ஐந்து குடும்பம் பேசி வைத்துச் சேர்த்தால் ஒரு பள்ளியில் மார்க்கக் கல்வி வரும். பதினைந்து குடும்பம் கேட்டால் இன்னொரு பள்ளியில் தமிழ் வரும். தனித்தனியாகச் சேர்த்தால் இரண்டும் கைநழுவிப் போகலாம்.

எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது உங்கள் உரிமை. சிறிய பள்ளி என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்காதீர்கள், நம் மொழிப் பள்ளி என்ற ஒரே காரணத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டும் சேர்க்காதீர்கள். ஒரு நாள் காலை நேரில் போய்ப் பாருங்கள். பின்கதவு திறக்கிறதா? தீயணைப்பான் முள் பச்சையில் நிற்கிறதா? பிள்ளையை யாரிடம் அனுப்புகிறார்கள் என்று எழுதி வைக்கிறார்களா? கடைசித் தீப்பயிற்சி எப்போது நடந்தது? குறை இருந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்து கேளுங்கள். 60 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பத்துப் பெற்றோர் எழுந்து கேட்டால் பதில் கிடைக்காமல் போகாது.

பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். மதரஸா நேரத்துக்கான போன் பட்டியல் வெளியே மேசையில் இருக்கிறது. போகும்போது உங்கள் எண்ணையும், பிள்ளையைக் கூப்பிடும் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். பொறுப்பேற்க இரண்டு பேர் வேண்டும், அதையும் இன்றே முடிவு செய்துவிடுவோம்.