பெயர் சுட்டா மரபு: சமூக ஊடகக் காலத்தில் அகமும் புறமும்



சமூக ஊடகங்கள் பெருகிய இக்காலத்தில் தனிவாழ்வைக் காத்துக்கொள்வது எவ்வாறு என்னும் வினா நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் நாள்தோறும் எழுகின்றது. அதற்குப் பெரும்பாலும் இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. கணினி வல்லுநர்கள் கடவுச்சொல்லைப் பற்றியும் செயலியின் அமைப்புகளைப் பற்றியும் பேசுவர். பெற்றோர் 'எதையும் போடாதே' என்பர். முதல் விடை தேவையானது, ஆயினும் போதாது. இரண்டாம் விடையைக் கடைப்பிடிப்பது அரிது. நெஞ்சில் உள்ளதைப் பிறரிடம் சொல்ல விழைவது மனித இயல்பு. சொல்லவும் வேண்டும், காக்கவும் வேண்டும் என்னும் இச்சிக்கலைத் தமிழ் இலக்கண மரபு நெடுங்காலத்திற்கு முன்பே எதிர்கொண்டது. அது கண்ட தீர்வை இன்றைய சிங்கப்பூர் வாழ்வோடு பொருத்திக் காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

மொழியியல் பயின்ற நமக்குச் சொற்களிலிருந்து தொடங்குவதே வழக்கம். 'பிரைவசி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இணையாகத் 'தனியுரிமை' என்று இன்று எழுதுகிறோம். 'அந்தரங்கம்' என்பது வடமொழி வழி வந்தது. 'தனிமை' துணையின்மையைக் குறிப்பது, அது வேறு. இவற்றுக்கெல்லாம் முந்திய சொல் ஒன்று நம்மிடம் உண்டு. அதுவே 'அகம்'. உள் என்றும், மனம் என்றும், வீடு என்றும் அது பொருள்படும். இம்மூன்றையும் ஒரே சொல்லால் குறித்த மொழி, தனிவாழ்வு என்னும் கருத்தை அறியாதிருந்தது என்று கூறுவது பொருந்தாது.

'பகிர்தல்' என்னும் சொல்லையும் நோக்குவோம். 'பகு' என்னும் வினையடியோடு உறவுடையது அது. பகுதி, பகுப்பு என்பனவும் அவ்வினத்தவை. ஒரு கனியைப் பகிர்ந்தால் கொடுத்தவரின் பங்கு குறையும். பெற்றவர் இன்னார் என்பதும் தெரியும். ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் 'பகிர்ந்தால்' அது பகுபடுவதில்லை, பெருகுகின்றது. பெற்றவர் யாவர் என்பது சில மணி நேரத்தில் எவருக்கும் தெரியாமற் போகின்றது. இரண்டு செயலுக்கும் ஒரே சொல்லை ஆள்வதால், பகுத்துண்ணும் அறத்தின் நற்பெயர் இப்புதிய செயலுக்கும் ஒட்டிக்கொள்கின்றது. சொல் ஒன்றாயினும் செயல் வேறு என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.

வேப்பிலை காட்டிய உண்மை

தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு விதி உண்டு. மக்களின் காதல் வாழ்வைப் பாடும் ஐந்திணையில், பாட்டுக்குரிய மாந்தரை அவர்தம் இயற்பெயரால் சுட்டுதல் கூடாது என்பது அவ்விதி. ஆகவேதான் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயர்களே வருகின்றன. மன்னர் பெயர்கள் உவமையிலும் வருணனையிலும் வரலாம். காதலிப்பவரின் பெயர் வாராது. புறப்பாடலிலோ பெயரும் ஊரும் போரும் கொடையும் வெளிப்படையாகப் பேசப்படும்.

இவ்விதி சொல்லாமல் விட்டதை விடச் சொல்ல இடந்தந்ததே மிகுதி. பிரிவின் துயரம், ஐயம், ஊடல், இரவில் உறக்கம் வாராமை எனக் காதல் வாழ்வின் உணர்வுகள் பலவும் அகப்பாடல்களில் உண்டு. உணர்வு முழுமையாக வெளிப்படுகின்றது. ஆள் மட்டும் வெளிப்படுவதில்லை. பாடிய புலவர் சிலரின் இயற்பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார் என அவர்கள் தம் பாட்டின் தொடராலேயே அறியப்படுகின்றனர்.

பெயரை மட்டும் நீக்கினால் போதுமா? இவ்வினாவிற்கும் மரபில் விடை உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நக்கீரரின் நெடுநல்வாடை, போர்ப்பாசறையில் இருக்கும் அரசனையும், அரண்மனையில் அவனை எண்ணி வருந்தும் அரசியையும் பாடுவது. எந்த அரசன் பெயரும் அதில் இல்லை. பாடுபொருளோ பிரிவு. ஆயினும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனை அகம் என ஏற்கவில்லை. பாசறைக் காட்சியில் வரும் வேலில் வேப்பிலை கட்டப்பட்டிருந்தது என்னும் குறிப்பு அதில் உள்ளது. வேம்பு பாண்டியரின் அடையாளம். எனவே தலைவன் பாண்டியன் என்பது வெளிப்பட்டுவிட்டது. பாட்டு புறமாயிற்று என்பது அவர் கருத்து. இம்முடிபை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். எனினும் அவர் கண்ட உண்மையை மறுத்தல் அரிது: பெயர் கூறாவிடினும், ஓர் இலை ஆளைக் காட்டிக் கொடுக்கும்.

நம் ஊரில் வேப்பிலைகள்

சிங்கப்பூரில் ஒவ்வொரு பள்ளிக்கும் தனிச் சீருடை உண்டு. பிள்ளையின் பெயரைக் குறிப்பிடாமல், முதல் நாள் பள்ளிக்குப் புறப்படும் படத்தைப் பெற்றோர் இன்ஸ்டகிராமில் இடுகின்றனர். சீருடை பள்ளியைக் காட்டும். பின்னால் தெரியும் புளோக் எண் வீட்டைக் காட்டும். இட்ட நேரம் பிள்ளை புறப்படும் வேளையைக் காட்டும். கைப்பேசிப் படக்கோப்பில் எடுத்த நேரமும், நாம் தடுக்காவிடில் எடுத்த இடமும் பதிவாகின்றன. ஒவ்வொன்றும் ஒரு வேப்பிலை.

நம் சமூகம் சிறியது என்பது இவ்விடரை மிகுவிக்கின்றது. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. 'ஈசூன் வட்டாரத் தமிழாசிரியை ஒருவர், அண்மையில் விவாகரத்தானவர்' என்று எழுதினால் பெயர் எழுத வேண்டியதில்லை. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கி முடிப்பதற்குள் அவர் யார் என்பது தெரிந்துவிடும்.

சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. 2012இல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒரு தகவலால் நேரே அடையாளம் காணப்படுவதை மட்டும் கருதவில்லை. அத்தகவலோடு கைக்கெட்டும் பிற தகவல்களைச் சேர்த்து அடையாளம் காண இயலுமாயினும் அது தனிநபர் தகவலே என்கின்றது. நச்சினார்க்கினியரின் கருத்தும் இதுவே. ஆயினும் தனிப்பட்ட முறையிலோ குடும்ப நிலையிலோ செயற்படும் தனிமனிதர்மீது அச்சட்டம் கடமை எதனையும் சுமத்துவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாம் அனுப்பும் படத்தை அச்சட்டம் கேள்வி கேட்காது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது நம் பண்பாடே.

அம்பலும் அலரும்

ஊரார் பேச்சை அகமரபு இரண்டாகப் பகுக்கும். ஒன்று அம்பல், மற்றொன்று அலர். இறையனார் களவியலுரை இவற்றை வேறுபடுத்துகின்றது. வெளிப்படச் சொல்லாது, அரும்பைப் போல வாய்க்குள் முகிழ்த்து நிற்கும் பேச்சு அம்பல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே இது நிகழ்ந்தது என விளங்க உரைப்பது அலர். மலர்தல் என்பதே அலரின் பொருள். மலர்ந்த பூவை மீண்டும் அரும்பாக்க இயலாது.

இன்று டாக்சிங் எனப்படுவது அலரின் புதிய வடிவம். 2017இல் தோ பாயோ உணவங்காடி நிலையமொன்றில் முதியவர் ஒருவரிடம் இருவர் முரட்டுத்தனமாக நடந்துகொண்ட காணொளி பரவியது. சினமுற்ற இணையவாசிகள் அவர்கள் யார் எனத் தேடினர். நிகழ்வோடு தொடர்பே இல்லாத வங்கி ஊழியர் ஒருவரைச் சுட்டினர். அக்காணொளியைக் கண்டு நாம் கொண்ட சினம் நியாயமானது. அச்சினத்தோடு ஒரு பெயர் சேர்ந்தபோது, குற்றமற்றவர்மேல் பழி விழுந்தது. துன்புறுத்தும் நோக்கோடு ஒருவரின் அடையாளத் தகவலை வெளியிடுதல் 2020 ஜனவரி 1 முதல் இங்குக் குற்றமாகும்.

இதனினும் கொடிய நிகழ்வொன்று 2019இல் வெளிவந்தது. எச்ஐவி பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் சட்டவிரோதமாக இணையத்தில் வெளியிடப்பட்டதை அவ்வாண்டு ஜனவரியில் சுகாதார அமைச்சு அறிவித்தது. அவர்களுள் 8,800 பேர் வெளிநாட்டவர். எத்தனை பேருக்கு அந்நோய் உண்டு என்னும் புள்ளிவிவரம் எப்போதும் பொதுவில் இருப்பதே. அதனால் எவருக்கும் தீங்கில்லை. நோயோடு பெயரும் தொலைபேசி எண்ணும் முகவரியும் சேர்ந்து வெளிப்பட்டமையே தீங்கு.

தெருவில் உள்ள அகம்

பொதுவிடத்தில் நிகழ்வதெல்லாம் புறமா? லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடந்து பாருங்கள். வெளிநாட்டு ஊழியர்கள் திடலிலும் நடைபாதையோரத்திலும் அமர்ந்து, கைப்பேசித் திரையில் மனைவி மக்களோடு பேசிக்கொண்டிருப்பர். தனியறை இல்லாத அவர்களுக்கு அத்திடலே அகம். அவ்வழியே செல்லும் ஒருவர் அதனைக் காணொளியாக்கி 'உழைப்பாளியின் கண்ணீர்' என்று தலைப்பிட்டு டிக்டாக்கில் இட்டால், நோக்கம் இரக்கமாகவே இருக்கலாம். ஆனால் தம் கையில் பட்ட காயத்தைத் தாயிடம் இன்னும் சொல்லாத மகனாக அவர் இருக்கக்கூடும். அதனை எப்போது சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடி செல்கின்றது. காவடி புறம்; அனைவரும் காணலாம். அதைச் சுமப்பவரின் வேண்டுதல் அகம். முகத்தை அண்மையில் படமெடுத்து, 'பிள்ளை வரம் வேண்டி' என்று நாமே ஊகித்து எழுதுவது முறையாகாது.

அறத்தொடு நிற்றல்

இங்கு ஓர் ஐயம் எழலாம். மறைத்தலே மரபு எனின், தீமையும் மறைந்து வளருமே? அகமரபு இதற்கும் வழி வகுத்துள்ளது. அறத்தொடு நிற்றல் என்னும் துறையில் தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உண்மையை உரைப்பர். அலர் தூற்றுவோர் கூறுவதும் இதே செய்திதான். கேட்பவரும் நோக்கமும் மட்டுமே வேறு. துணைசெய்யக் கடமைப்பட்டவரிடம் தக்க வேளையில் சொல்வது அறத்தொடு நிற்றல்; எவரிடமும் எதற்கென்றும் இன்றிச் சொல்வது அலர்.

மாணவச் செல்வங்களே, உங்களை ஒருவர் அச்சுறுத்தினால், உங்கள் படத்தைக் காட்டி மிரட்டினால், அதனை மறைத்தல் ஆகாது. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ காவல்துறையிடமோ பெயர் சுட்டியே சொல்லுங்கள். தனிவாழ்வைக் காத்தல் என்பது துன்பத்தைத் தனியே சுமத்தல் ஆகாது.

வகுப்பறையில் நம் கடமை

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் பாடத்தில் வாய்மொழித் தேர்விலும் கட்டுரையிலும் 'உன் அனுபவத்தைக் கூறு' என்று கேட்கிறோம். பிள்ளைகள் நம்மை நம்பித் தந்தையின் வேலையிழப்பையும் பாட்டியின் நோயையும் எழுதுகின்றனர். அக்கட்டுரை நன்றாக இருந்தால் அதைப் படமெடுத்து ஆசிரியர் குழுவில் அனுப்ப நம் கை விழையும். பிள்ளையின் இசைவைக் கேளுங்கள், பெயரை நீக்குங்கள், பிறகு வேப்பிலைகளையும் தேடி நீக்குங்கள். கட்டுரையில் துன்பத்தின் அறிகுறி தென்பட்டால் ஆலோசகரிடம் மட்டும் சொல்லுங்கள்.

மாணவர்க்கு ஒரு பயிற்சியையும் தரலாம். தம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைப் பெயரும் ஊரும் பள்ளியும் தோன்றாமல், உணர்வு சிறிதும் குறையாமல் எழுதச் சொல்லுங்கள். எழுதியவர் யாரென்று வகுப்பினர் கண்டுபிடிக்க முயலட்டும். எந்தச் சொல் காட்டிக் கொடுத்தது என ஆராயட்டும். அகத்திணை மரபும் இணைய ஒழுக்கமும் ஒரே பாடவேளையில் விளங்கும்.

இறுதியாக, தமிழ் இலக்கணத்தின் நுட்பமொன்றைச் சொல்லி நிறைவு செய்கிறோம். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு 'வீ' என்னும் ஒரே சொல்தான். தமிழில் கேட்பவரையும் உளப்படுத்தினால் 'நாம்'; உளப்படுத்தாவிடில் 'நாங்கள்'. ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும், கேட்பவர் நம் வட்டத்திற்குள்ளா வெளியிலா என்று முடிவு செய்தே தமிழர் பேசுகின்றனர். ஒரு படத்தையோ செய்தியையோ வெளியிடுமுன் அதே முடிவை ஒரு நொடி எண்ணிச் செய்வோம். இதைக் காணப்போகும் அத்தனை பேரையும் சேர்த்து 'நாம்' என்று சொல்ல இயலுமா? இயலுமெனில் வெளியிடலாம். இயலாதெனில் அது 'எங்கள்' வீட்டுச் செய்தி, வீட்டிலேயே இருக்கட்டும்.