மூன்று மாத வாடகை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



படிப்பு முடிந்ததும் கொழும்புக்குப் போய் ஸ்டார்ட்அப் நிறுவனங்களில் சேர விரும்பும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி செயற்குழுவினர் கேட்டார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மிச்சம் அக்காமாருக்கு உரியது.

வேலை தேடி ஊரை விட்டுப் போவது எமக்குப் புதிதல்ல. எங்கள் பூட்டன்மார் மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தார்கள். பாட்டன்மார் கொழும்பிலே அரசாங்க உத்தியோகம் பார்த்தார்கள். கொழும்புக்குப் போன ஆண்களுக்கு அங்கே சமறி இருந்தது. ஒரு வீட்டை ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஓர் ஆளை வைத்து, மாத முடிவில் செலவைப் பங்கிட்டுக் கொண்டார்கள். புதிதாக வரும் ஊர்ப் பெடியனுக்கு முதற்சம்பளம் கைக்கு வரும்வரை அங்கே ஒரு பாயும் ஒரு கோப்பைச் சோறும் கிடைத்தன. பெண்களுக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. சொந்தக்காரர் வீடு இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அந்தக் குறை இன்றும் தீரவில்லை.

ஸ்டார்ட்அப் என்பது ஒரு புதிய யோசனையை வைத்து, பெரும்பாலும் பிறருடைய முதலீட்டில், சிலர் சேர்ந்து தொடங்கும் சிறிய நிறுவனம். அவற்றிற் பல நிலைப்பதில்லை. முதலீட்டாளரின் பணம் பிந்தினால் சம்பளமும் பிந்தும். இது யாரும் மறைக்கிற இரகசியம் அல்ல.

இப்போது ஒரே நிறுவனத்தில், ஒரே நாளில், ஒரே சம்பளத்துக்குச் சேரும் இரண்டு பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஒருத்தியின் வீடு தெஹிவளையில். மற்றவளின் வீடு கோப்பாயில். சம்பளம் இரண்டு மாதம் பிந்துகிறது. தெஹிவளைப் பிள்ளை அம்மாவின் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு 100 ஆம் இலக்க பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறாள். கோப்பாய்ப் பிள்ளை வெள்ளவத்தையில் எடுத்த அறைக்கு முற்பணம் கொடுத்துவிட்டாள். வாடகை, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் அவள் கையிலிருந்து போகவேண்டும். மூன்றாம் மாதம் வீட்டிலிருந்து தொலைபேசி வருகிறது: “காணும் பிள்ளை, வா. இஞ்ச கவுண்மேந்து வேலைக்குப் பரீட்சை எடுக்கலாம்.” அவள் வந்துவிடுகிறாள். ஊரார் அவளுக்குத் துணிவு காணாது என்கிறார்கள். அவளுக்குக் காணாமற் போனது மூன்று மாத வாடகை.

“சம்பளம் குறைவு, ஆனால் பங்கு தருகிறோம்” என்று சில நிறுவனங்கள் சொல்லும். அது பொய்யான பேச்சல்ல. 2005 இல் கொழும்பில் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 மென்பொருள் நிறுவனத்தை 2024 இல் சுவீடனைச் சேர்ந்த முதலீட்டுக் குழுமம் வாங்கியது. 2015 இல் சேவையைத் தொடங்கிய பிக்மீ 2024 இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. ஆனால் வருடங்களைக் கணக்குப் பாருங்கள்: ஒன்று 19, மற்றது 9. வாடகையோ மாதம் தவறாமல் வரும். அதனால் பங்கு எத்தனை, எத்தனை வருடத்தில் கைக்கு வரும், இடையில் விலகினால் என்ன ஆகும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். நான்கு வருடத்தில் படிப்படியாகத் தருவதும், முதல் 12 மாதத்துக்குள் விலகினால் ஒன்றும் தராமல் விடுவதும் பரவலான வழக்கம்.

நியமனக் கடிதத்தில் இன்னொன்றையும் பாருங்கள், தங்கைமாரே. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்படும். நிறுவனம் 12 வீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். ஒரு இலட்சம் ரூபாய் சம்பளமானால், நிறுவனம் தன் கையிலிருந்து மாதம் 15,000 ரூபாய் உங்கள் பெயரிற் போட வேண்டும். தகுதிகாண் காலத்திலும் இது உரித்து. நிறுவனம் சிறியது என்பது இதற்குச் சாட்டு அல்ல. “ஆலோசகர்” என்று பெயரிட்டு ஒப்பந்தம் நீட்டினால், கையெழுத்து வைக்குமுன் இந்தப் பணம் உண்டா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இவ்வளவு தொல்லை என்றால் ஊரிலேயே இருந்தால் என்ன? இருக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் பிள்ளைகளை ஊக்குவிக்கின்றன. வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்வோரும் உளர். ஆனாலும் கொழும்பில் ஒரு வசதி உண்டு. தெமட்டகொடை ஓரியன் சிட்டி, மருதானை ட்ரேஸ் எக்ஸ்பர்ட் சிட்டி போன்ற இடங்களில் நிறுவனங்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று மூடப்பட்டால் அங்கே பழகியவர்களே அடுத்த கதவைக் காட்டுவார்கள். நிறுவனம் விழுந்தாலும் பிள்ளை விழாமல் இருப்பது இப்படித்தான். ஆனால் அந்தப் பழக்கங்கள் உருவாகச் சில மாதங்கள் எடுக்கும். மூன்றாம் மாதமே திரும்பி வருபவளுக்கு அந்தப் பயன் கிடைப்பதில்லை.

தாய்மாரின் பயத்தையும் நான் சிறிதாக எண்ணவில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பொலிஸ் பதிவுத் துண்டோடு நடமாடிய தலைமுறை இந்த மண்டபத்தில் இருக்கிறது. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்ரோபரில் திரும்பி வந்தது. தண்டவாளம் போட்ட வேகத்தில் தாயின் மனம் ஆறாது. முன்பின் தெரியாத வீட்டுக்கு மகளை அனுப்பத் தயங்கும் அம்மா, “எங்கட பள்ளிக்கூடத்து அக்கா வீடு” என்றால் அனுப்புவார்.

ஆகவே அக்காமாரிடம் மூன்று கேட்கிறேன்.

முதலாவது, கொழும்பில் ஒரு வீடு. சங்கத்தின் பெயரில் வாடகைக்கு எடுத்து, ஐந்தாறு பிள்ளைகள் தங்கி, செலவைப் பங்கிடும் பெண்களுக்கான சமறி.

இரண்டாவது, கைமாற்று நிதி. மூன்று மாத வாடகைக்கு வட்டியில்லாத கைமாற்று. சம்பளம் சீரானதும் திருப்பிக் கொடுக்க, அடுத்த பிள்ளைக்குப் போகும். இலவசம் என்றால் எங்கள் பிள்ளைகள் கூசுவார்கள். கைமாற்று எல்லா வீட்டுக்கும் பழகிய சொல்.

மூன்றாவது, நேரம். சட்டம், கணக்கியல், மென்பொருள் துறைகளில் இருக்கும் அக்காமார் எங்கிருந்தாலும், ஒரு தங்கையின் நியமனக் கடிதத்தை வாசித்துப் பார்க்க அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் பழைய மாணவிகள் இந்தக் கல்லூரிக்கு அள்ளித் தந்திருக்கிறார்கள். கட்டடங்களின் சுவர்களில் உங்கள் பெயர்கள் இருக்கின்றன. நான் கேட்கும் நன்கொடைக்குப் பெயர்ப்பலகை பொருத்தச் சுவர் இல்லை. ஆனால் தெரியாத ஊரில் முதன்முதலாக ஓர் அறையின் சாவியை வாங்கிய அந்த நாள் உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். அன்று உங்களுக்கு யாரோ ஒருவர் கைகொடுத்திருப்பார். இந்த வருடம் பட்டம் பெறும் பிள்ளைகள் சில மாதங்களில் பஸ் ஏறப்போகிறார்கள். நிதிக்கான முதற் பெயர்ப் பட்டியலை இன்று மாலையே வாசல் மேசையில் வைப்பதற்குச் செயற்குழு சம்மதித்திருக்கிறது.